கிணற்றுக் கல்லில் மினுங்கியது என்ன?

மார்ச் 3, மாலை 6.40 (ஏழாலைத் தம்பியின் கேள்வி)

அண்ணை, எங்கள் பழைய கிணற்றைக் கொம்பிரசர் வைத்து ஆழப்படுத்தினோம். அடியில் வந்த கல்லொன்றைத் தட்டிப் பிளந்தபோது உள்ளே ஒரு பொந்து. பொந்தின் சுவர் முழுக்க மஞ்சளாக மினுங்குகிறது. வேலைக்கு வந்தவர் ஒருவர், "இது பொன் கல்லுத்தான், கோலாரிலயும் கல்லை உடைச்சுத்தானே எடுக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா அந்தக் கல்லை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறா. யாழ்ப்பாணத்தில் தங்கம் இருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் இருக்காது என்று ஒருவரும் சொல்வதில்லை. நீங்கள் சுரங்கப் பக்கம் வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டேன். படம் இணைத்திருக்கிறேன்.

மார்ச் 3, இரவு 9.15

தம்பி, படம் மங்கல். மஞ்சள் மினுக்கம் மட்டும்தான் தெரிகிறது. என் ஊகம் காக்காப்பொன், அதாவது மைக்கா. நகத்தால் கிள்ளிப் பாருங்கள். தாள் தாளாக உரிந்தால் அதுதான்.

உரியாவிட்டால் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனை இருக்கிறது. ஓர் இரும்பு ஆணியால் கீறுங்கள். தங்கம் மெத்தென்று குழியும், பொடியாகாது. பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்து தங்கம் போல மினுங்கும் கல்) என்றால் ஆணி வழுக்கும், கீறல் விழாது. அடுத்து, பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அதில் உரசிப் பாருங்கள். தங்கம் விடும் கோடு மஞ்சள். பைரைட் விடும் கோடு பச்சை கலந்த கறுப்பு. கடைசியாக, ஒரு துளி தேசிக்காய்ப்புளி விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, கர்நாடகத்துக் கோலாரில் இப்போது எடுப்பதில்லை. 2001 பெப்ரவரி 28 அன்று அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

மார்ச் 4, காலை 5.50

இரவு எழுதியதில் ஒரு பிழை. படுத்த பிறகுதான் உறைத்தது.

காக்காப்பொன் பழைய, வெந்து இறுகிய பாறைகளில் வருவது. வன்னிக்குத் தெற்கே போனால் வழியெல்லாம் அந்தப் பாறைதான். ஏழாலையின் அடியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்தது, ஒன்றிரண்டு கோடி ஆண்டுக் கணக்கு. சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்க் கூடுகளும் சேர்ந்து இறுகியது. அதற்குள் ஒரு பொந்தின் சுவர் முழுக்கக் காக்காப்பொன் வளர வழியில்லை. பொந்து என்று நீங்கள் எழுதிய சொல்லை நான் கவனிக்காமல் போய்விட்டேன். பதில் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. தேசிக்காய்ச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

தங்கமாக இருக்க வாய்ப்பில்லை. சுண்ணாம்புக்கல் தங்கத்துக்கு வீடு அல்ல.

மார்ச் 5, இரவு 10.30

"ஏன் இருக்காது" என்ற கேள்வி இரண்டு நாளாக மனதில் கிடக்கிறது. அதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் தங்கம் இருக்கிறது. உங்கள் கிணற்றுக் கல்லிலும் இருக்கும், என் வீட்டு மதில் கல்லிலும் இருக்கும். பூமியின் மேலோட்டில் எந்தப் பாறையை எடுத்தாலும் ஒரு தொன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் உண்டு. ஒரு தொன்னில் 4 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பவுண், அதாவது 8 கிராம் சேர்க்க 2000 தொன் பாறையை அரைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான டிப்பர் லோட். தங்கச் சுரங்கம் என்று சொல்லப்படும் இடத்தில் அதே பவுண் நாலைந்து தொன்னில் வந்துவிடும். ஆகவே தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. எது அதை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது என்றுதான் கேட்க வேண்டும்.

இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. என் அம்மப்பா வண்ணார்பண்ணையில் பட்டறை வைத்திருந்த பத்தர். நகையை அராவும்போது விழும் பொடி, உமியோட்டுச் சாம்பல், கரித்தூள், தரையைக் கூட்டிய குப்பை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வைப்பார். ஒரு தும்பைக்கூடத் தெருவில் கொட்டவிட மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை அரிப்புக்காரர் வருவார். கிணற்றடியில் குந்தியிருந்து மரத்தாலத்தில் அந்தக் குப்பையை இட்டு, தண்ணீர் விட்டு, ஒரு பக்கம் சரித்து, சுற்றிச் சுற்றி ஆட்டுவார். முதலில் சாம்பலும் கரியும் மிதந்து போகும். பிறகு மண் போகும். வெகுநேரம் ஆட்டிய பின் தாலத்தின் ஓரத்தில் கறுப்பு வால் போல ஒன்று மிஞ்சும், இரும்புப் பொடி. காந்தத்தால் அதை இழுத்துவிட்டால் கீழே மயிரிழை அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு. அதில் ஒரு துளி பாதரசம் விட்டு உருட்டித் துணியில் பிழிவார். கையில் வருவது மிளகளவு சாம்பல் நிற உருண்டை. அதைச் சூடாக்கும்போது மட்டும் அம்மப்பா எங்களை வெளிக்கேற்றுக்கு அப்பால் நிறுத்தி வைப்பார். இரசப் புகை எவ்வளவு கெட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் உலகத்தில் சிறு தங்கச் சுரங்கங்களில் வேலை செய்யும் எத்தனையோ பேர் அந்தப் புகையைத்தான் மூச்சில் எடுக்கிறார்கள். நினைத்தால் மனம் வேகிறது.

ஒரு சாக்குக் குப்பை, ஒரு மிளகு. தங்கம் தரை முழுவதும் முன்பே கிடந்ததுதான். தண்ணீர் ஓடியதாலும் மற்றதெல்லாம் பாரம் குறைந்ததாலும் அது ஓரிடத்தில் கூடியது. ஆற்று மணலில் தங்கம் சேர்வதும் இதே விதம். தங்கம் தண்ணீரைப் போல் 19 மடங்கு பாரம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆற்றின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே தங்கம் இருந்துவிடும், மணல் போய்விடும். தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் படுகை, 1886இல் கண்டுபிடித்தது, உலகம் இதுவரை எடுத்த தங்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தந்திருக்கிறது. அங்கே தங்கம் கிடப்பது பழைய ஆற்றுக் கூழாங்கல் படுக்கைகளில், அவை ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழையவை. ஆறுகள் அரித்துச் சேர்த்ததுதான் பெரும்பகுதி என்பது பலரின் கருத்து, பின்னால் வந்த வெந்நீரும் அதை இடம் மாற்றியிருக்கிறது என்பாரும் உண்டு. அந்தப் படுகையைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அரிப்புக்காரரின் மரத்தாலம்தான்.

மார்ச் 5, இரவு 11.20

விட்டுப்போனது. ஆறு சேர்ப்பது இரண்டாம் தடவை. அதற்கு முன்னால் பாறைக்குள் ஒருதரம் சேர்ந்திருக்க வேண்டும். அதைச் செய்வது வெந்நீர்.

பல கிலோமீற்றர் ஆழத்தில் 250 முதல் 400 பாகை வரை சூடான நீர், அதற்குள் கரைந்த கந்தகம். தங்கம் எதிலும் கரையாது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் இந்தக் கந்தக நீர் அதைப் பிடித்துக்கொண்டு வெடிப்புகள் வழியே மேலே ஏறும். போகும் வழியில் இரும்பு நிறைந்த பாறை வந்தால் கந்தகம் தங்கத்தை விட்டுவிட்டு இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிவிடும். தனித்து விடப்பட்ட தங்கம் அங்கேயே படியும். பைரைட்டைக் கண்டு ஏமாந்தவர்கள் ஏராளம், ஆனாலும் பைரைட் இருக்கும் இடத்தை ஒருமுறை கிளறிப் பார்க்காத தங்கத் தேடி எவரும் இல்லை. இரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கியவை.

மார்ச் 7, காலை 6.10

மார்ச் 4 அன்று நான் எழுதிய கடைசி வரியைத் திருத்த வேண்டும். சுன்னாகத்திலிருந்து ஒரு மாஸ்டர், "அந்த ஒரு வரியே போதும், மற்றதெல்லாம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர், அந்த வரிதான் பிழை.

சுண்ணாம்புக்கல்லில் தங்கம் உண்டு, அதுவும் பெருந்தொகையாக. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் கார்லின் பகுதி. அங்கே 1961இல் கண்ட படிவுக்குப் பிறகு அப்படியான ஒரு வரிசையே வெளிப்பட்டது. இன்று உலகின் மிகப் பெரிய தங்கப் பகுதிகளில் அதுவும் ஒன்று. தங்கம் கிடப்பது வண்டல் கலந்த பழைய சுண்ணாம்புக்கல்லில். அதற்கு முன் எத்தனையோ பேர் அந்தக் குன்றுகளில் ஏறி இறங்கினார்கள். தாலத்தில் அரித்தாலும் ஒரு துகள் வராது. தங்கம் ஆர்சனிக் கலந்த பைரைட்டின் மேல் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பூசியது போல் இருக்கிறது. சாதாரண நுண்காட்டியில்கூடப் பார்க்க முடியாது. கல்லோ மங்கலான சாம்பல் நிறம், ஒரு மினுக்கமும் கிடையாது.

அப்படியென்றால் ஏழாலைக் கல்லிலும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் நேற்றிரவு முழுக்க அதையே யோசித்தேன். இருக்காது. ஆனால் சுண்ணாம்புக்கல் என்பதால் அல்ல. நெவாடாவில் அந்தக் கல் நெரிந்தும் மடங்கியும் உடைந்தும் கிடந்தது. பிறகு சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியில் எரிகுழம்பு எழுந்த காலத்தில் அமில வெந்நீர் அந்த உடைவுகள் வழியே ஏறியது, சுண்ணாம்பைக் கரைத்தது, கல்லில் இருந்த இரும்போடு கந்தகம் சேர்ந்தது, தங்கம் படிந்தது. நம் கல் பெரும்பாலும் கிடையாகவே கிடக்கிறது. வெந்ததில்லை. அதன் ஊடாக ஓடியதெல்லாம் மழைநீரும் கடல்நீரும்தான். கல் ஒன்றுதான், அதன் மேல் நடந்த கதை வேறு.

மாஸ்டர் கேட்டிராவிட்டால் அந்த வரி அப்படியே நின்றிருக்கும். நன்றி.

மார்ச் 9, பிற்பகல் 2.00

நான் எங்கே வேலை செய்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தின் கல்லுருளைக் கொட்டிலில் ஆறு வருடம். துளையிடும் இயந்திரம் பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல் எடுத்துத் தரும். அதைத் தட்டில் ஒழுங்காக அடுக்கி, ஆழத்தை எழுதி, நீளவாக்கில் வைர வாளால் இரண்டாக அறுப்பது என் வேலை. ஒரு பாதி பரிசோதனைக்கு, மறுபாதி தட்டிலேயே. வாளிலிருந்து தெறிக்கும் சேறு பகல் முழுக்க முகத்தில் காயும்.

முதல் வாரம் ஒரு தட்டு வந்தது. அரைவாசி நீளத்துக்கு வெள்ளைக் குவார்ட்ஸ், அதில் தடித்த மஞ்சள் பைரைட், பார்த்தால் கண் கூசும். அதற்கு அடுத்த கையளவு துண்டு கறுத்த பச்சைக் கல், மெல்லிய சாம்பல் இழைகள். மஞ்சள் துண்டை நான் தனியாக எடுத்து வைத்து எல்லோருக்கும் காட்டினேன். மூன்று கிழமை கழித்துப் பரிசோதனைத் தாள் வந்தது. மஞ்சள் துண்டில் தங்கம் இல்லை என்றே சொல்லலாம். கறுத்த துண்டில் இருந்தது, நன்றாகவே இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணால் நிறுக்கக் கூடாது என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்தத் தட்டுத்தான்.

மேற்கு அவுஸ்திரேலியாவில் கல்கூர்லி என்ற ஊரே இதை அனுபவித்திருக்கிறது. 1893இல் அங்கே தங்கம் கண்டார்கள். சுரங்கத்தில் வந்த ஒரு வகைக் கல்லைப் பயனற்றது என்று ஒதுக்கித் தெருப்பள்ளங்களை நிரப்பினார்கள், அதையே வைத்துச் சுவரும் கட்டினார்கள். 1896 அளவில் அது தெலுரியம் என்ற தனிமத்தோடு தங்கம் சேர்ந்த தாது என்று தெரிய வந்தது. அப்புறம் தெருவைக் கிளறினார்கள் என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மார்ச் 9, இரவு 8.45

மதியம் எழுதியதோடு ஒரு விடயம் சேர்க்க வேண்டும், குவார்ட்ஸ் பற்றி.

தங்கம் ஏன் வெள்ளைக் கல் நரம்புகளில் வருகிறது? வெந்நீரில் தங்கத்தோடு சிலிக்காவும் கரைந்து வருகிறது. பாறை ஒரு பிளவு வழியே இறுகி மூடிக் கிடக்கும், அடியில் நீரழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒருநாள் நிலம் அதிர்ந்து பிளவு திறக்கும். அந்த நொடியில் அழுத்தம் சடாரென்று விழும். பிரஷர் குக்கரின் விசிலைத் தூக்கியது போல நீர் கொதித்து ஆவியாகும், கரைந்திருந்தது எல்லாம் அங்கேயே படியும். குவார்ட்ஸ் பிளவை மறுபடி அடைக்கும். பிறகு மறுபடி அழுத்தம், மறுபடி அதிர்வு. ஒரு நரம்பை அறுத்துப் பார்த்தால் மெல்லிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பட்டையும் எப்போதோ நடந்த ஒரு நிலநடுக்கம். வாளை நிறுத்திவிட்டு அந்தப் பட்டைகளை விரலால் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

2024இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்று சொன்னார்கள். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும், மணிக்கூட்டிலும் காஸ் லைட்டரிலும் நாம் பயன்படுத்தும் குணம்தான். நிலநடுக்கம் குவார்ட்ஸை நெரிக்கும்போது பிறக்கும் மின்சாரம், நீரிலுள்ள தங்கத்தை ஏற்கெனவே இருக்கும் தங்கத் துகளின் மேல் படிய வைக்கிறது. கட்டித் தங்கம் இப்படி வளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பத்தர் கடையில் மின் முலாம் பூசுவது போலத்தான். ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். பூமிக்குள் எவ்வளவு தூரம் அப்படி நடந்தது என்பது வேறு கணக்கு. எனக்கு அந்தச் செய்தி பெரிய மகிழ்ச்சி.

மார்ச் 12, இரவு 9.30

கோலார் தங்கவயலில் பிறந்த அக்கா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். மூன்று தலைமுறை சுரங்க வேலை. மேலே வீட்டில் பாத்திரம் கிடுகிடுத்தால் கீழே பாறை வெடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்களாம், பிறகு சைரன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்பார்களாம். அக்கா, அதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக: கோலாரில் 1880களிலிருந்து பெரிய அளவில் வேலை நடந்தது. இறங்கியவர்களில் பெரும்பான்மை வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து அங்கே மின்சாரம் வந்தது, இந்தியாவின் பல நகரங்களுக்கு வருவதற்கு முன்பே. ஆழம் 3 கிலோமீற்றரைத் தாண்டியது. அவ்வளவு ஆழத்தில் மேலே உள்ள பாறையின் பாரம் தாங்காமல் சுவர் குண்டு போல வெடிக்கும். 120 வருடத்தில் எடுத்தது சுமார் 800 தொன் தங்கம். இன்று மிஞ்சியிருப்பது சயனைட் விட்டுத் தங்கம் பிரித்த பின் கொட்டிய மண்மேடுகள். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும் என்று அக்கா எழுதியிருக்கிறார். தங்கத்தைப் பற்றிப் பேசும்போது அந்தத் தூசியையும் பேச வேண்டும்.

சரி, தம்பியின் கேள்வியிலிருந்து எழும் அடுத்த கேள்வி. கோலார் இவ்வளவு கிட்ட இருக்க இலங்கையில் ஏன் இல்லை? கோலார்ப் பாறை சுமார் 270 கோடி ஆண்டு பழைய எரிமலைப் பாறை, இரும்பு நிறைந்தது. அது மிதமாகத்தான் வெந்தது. உலகின் பழைய தங்க வயல்களில் பெரும்பாலானவை இப்படி மிதமாக வெந்த பச்சைப் பாறைப் பட்டைகளில்தான் இருக்கின்றன. இலங்கையின் அடிப்பாறை அப்படியல்ல. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒன்றுசேர்ந்தபோது, அது 25, 30 கிலோமீற்றர் ஆழத்தில் 800 பாகைக்கும் மேல் வெந்தது. அந்தச் சூட்டில் பாறையிலிருந்த நீர் வெளியேறிவிட்டது. நீர் போனால் தங்கத்தைச் சுமப்பவனும் போய்விட்டான்.

அதற்காக இலங்கைப் பாறை வெறும் பாறை என்று எண்ணக் கூடாது. அதே வெடிப்புகளில் தங்கத்துக்குப் பதில் கரி படிந்திருக்கிறது. போகலவிலும் கஹட்டகஹவிலும் எடுக்கும் காரீயம் (பென்சிலுக்குள் இருக்கும் கரி) நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்த வகைக் காரீயத்தை வணிகத்துக்கு எடுக்கும் நாடு உலகத்தில் இலங்கை ஒன்றுதான் என்பார்கள். திருகோணமலை மாவட்டத்தில் சேருவிலப் பக்கம் செம்பும் இரும்புத் தாதும் சேர்ந்து கிடக்கின்றன. இரத்தினபுரியில் "இல்லம்" என்று சொல்லும் சரளை மண்ணில் வரும் மாணிக்கம், தாலத்தில் அரித்த கதையின் இன்னொரு வடிவம்.

மார்ச் 14, மாலை 5.30

கடல் நீரில் தங்கம் எடுக்கலாமே என்று ஒரு தம்பி. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் நட்டஈட்டுக் கடனை அடைக்கலாம் என்று வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் இதற்காகவே கப்பலில் ஆய்வுக்கூடம் வைத்து 1920களில் சில வருடம் அலைந்தார். முன்னையவர்கள் சொன்ன அளவில் ஒரு சிறு பங்குகூட இல்லை என்று கண்டு விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

கடற்கரை மணல் வேறு. அது எனக்குப் பிடித்த விடயம். இரண்டு வருடத்துக்கு முன் மார்கழி வாடை முடிந்த கையோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போனோம். அலை ஏறி இறங்கிய இடமெல்லாம் மணலில் கறுப்பு வரி வரியாக, சீலைக் கரை போல. மகள் பிடித்துக்கொண்டிருந்த சிரட்டையில் ஒரு பிடி கறுப்பு மணல், இன்னொரு சிரட்டையில் ஒரு பிடி வெள்ளை. கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தாலே தெரியும், கறுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம். அது இல்மனைட், தைத்தேனியத் தாது. கூடவே ரூட்டைல், சிர்கோன். மலைநாட்டுப் பாறைகள் தேய்ந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டியதைக் கடல் அரித்து வைத்திருக்கிறது. புல்மோட்டையில் எடுப்பது இதைத்தான். அரிப்புக்காரர் கையால் செய்ததை வாடைக்காற்றும் அலையும் ஒவ்வொரு வருடமும் செய்கின்றன. அந்தக் கரை மக்கள் தங்கள் கரை போகிறது என்று கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. மணல்தான் அவர்களின் அணை.

சிரட்டையோடு காந்தம் கொண்டு போங்கள். கறுப்பில் ஒரு பங்கு உடனே ஒட்டும், அது மக்னடைட். மிச்சம் பெரும்பாலும் ஒட்டாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

மார்ச் 15, காலை 7.00

நம் செம்மண்ணிலிருந்தும் அலுமினியம் எடுக்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு. ஜமெய்க்காவில் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் செம்மண்ணிலிருந்து அலுமினியம் எடுக்கிறார்கள், உண்மைதான். நம் செம்மண்ணின் நிறம் இரும்பு தந்தது. படை மெல்லியது, பல இடங்களில் மண்வெட்டி இரண்டு தரம் இறங்கினால் கல்லில் முட்டும். புகையிலையும் வெங்காயமும் விளையும் அந்த மண்ணைத் தோண்டி விற்கிற எண்ணம் ஒருவருக்கும் வரக்கூடாது.

மார்ச் 18, இரவு 9.00

தம்பி நேற்றுக் கல்லையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மாவும் கூட வந்தா. அரிசி வாளிக்குள் இருந்ததால் பொந்துக்குள் இரண்டு அரிசி மணி ஒட்டியிருந்தது.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பொந்தின் சுவர் முழுக்கக் கூர்ப்பல் போன்ற பளிங்குகள், நெல்மணி அளவு, ஒவ்வொன்றும் மூன்று பக்கமாக முனை கூட்டி நிற்கிறது. அடியில் நிறமில்லை, முனையில் தேன் நிறம். மேலே இரும்புக் கறை பழுப்பாகப் படர்ந்திருக்கிறது. ஆணியால் இலேசாகக் கீறினேன், வெள்ளைப் பொடி வந்தது. தேசிக்காய்ப்புளி ஒரு துளி, மெல்ல நுரைத்தது. வினாகிரி விட்டோம், அதிலும் நுரை. கல்சைற்று. சுண்ணாம்புதான், ஆனால் பளிங்காக வளர்ந்த சுண்ணாம்பு.

அம்மா முகம் கொஞ்சம் வாடிவிட்டது. நான் சொன்னேன்: அம்மா, இதுவும் ஒரு படிவுதான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு புளிப்பாகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அதனால்தான் நம் நிலத்தின் அடியில் இத்தனை பொந்தும் குகையும். நிலாவரைக் கிணறு அப்படி இடிந்து விழுந்த ஒரு பெரும் பொந்து. கரைத்துக்கொண்டு போன நீர் ஒரு வெற்றிடத்தில் அந்த வாயுவை விட்டுவிட்டால் சுமந்த சுண்ணாம்பையும் விட்டுவிடும், மணி மணியாகப் படியும். ஆழத்தில் வெந்நீர் தங்கத்துக்குச் செய்வதை இங்கே குளிர்ந்த மழைநீர் சுண்ணாம்புக்குச் செய்திருக்கிறது. உங்கள் கிணற்றுக்கு நீர் வருவதும் அதே பொந்துகள் வழியேதான்.

அவ நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப காங்கேசன்துறைப் பக்கம் கல்லுக் கல்லாய் வெட்டிக்கொண்டு போனது?" என்று கேட்டா. அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். 1950இல் தொடங்கி 1990 வரை சீமெந்துக்காக வெட்டிய கல் அது. வெட்டிய பள்ளங்கள் இன்னும் கிடக்கின்றன. இப்போதும் இரவோடு இரவாகக் கல் போகும் ஊர்கள் உண்டு. மேலே நன்னீர், அடியில் உப்பு நீர். நன்னீர் மிதக்கும் அந்தக் கல்லை ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வரும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு அடியை இழந்தால் கீழே நாற்பதை இழக்கிறோம்.

மார்ச் 18, இரவு 9.40

கணக்கைப் பற்றி மாஸ்டர் உடனே எழுதிவிட்டார்: அது நீர் அசையாமல் நிற்கும் மணற்படுகைக்கான கணக்கு, நம் கல்லில் குகைகள் வழியே நீர் ஓடுவதால் அப்படியே பொருந்தாது. சரி, மாஸ்டர். திருத்தம் உங்களுடையதாகவே இருக்கட்டும். திசை அதுதான், அளவு இடத்துக்கு இடம் மாறும்.

மார்ச் 21, மாலை 6.15

தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றை இனி ஆழப்படுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். கொம்பிரசர் போய்விட்டது. அம்மா வாளியில் அள்ளிய தண்ணீரைக் குடிக்கத் தந்தா, உப்பில்லை. கல்லை அரிசி வாளியிலிருந்து எடுத்துச் சாமித்தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. விளக்கு ஏற்றினால் பொந்து முழுக்க மஞ்சளாகிறது. அதைப் படம் எடுத்து இங்கே இடச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை மங்கலாக இல்லாமல்.